குளிருக்குப் பயந்து பாப்பாவை அடைத்து வைக்காதீர்கள்

இல்ஃபோர்டு, லண்டன்

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். விசா கிடைத்துவிட்டது என்றதும் பாதி பாரம் இறங்கியது. ஈஸ்ட் ஹாம் ஃபிளாட்டைக் காலி செய்து இந்த வீட்டுக்கு வந்தாகிவிட்டது. அக்டோபர் மூன்றாம் வாரம் நீங்கள் வந்ததும், நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிற நாட்களில் பாப்பா உங்கள் பொறுப்பு. ஃபோனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால் எழுதிவிடுகிறேன். அப்பா இதை மடித்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம்: தினமும் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். "இந்தக் குளிரில் பச்சப்பிள்ளையையா?" என்று அம்மா கேட்பது இங்கேயே காதில் விழுகிறது. நவம்பர் தூறலிலும் இங்கே பூங்காவில் பிள்ளைகள் சேற்றில் குதித்துக்கொண்டுதான் இருக்கும். சளி என்பது ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு ஒரே அறையில் இருமும்போதுதான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவுகிறது. அதோடு, காலையில் ஓடி ஆடாத பிள்ளை மதியம் தூங்காது. மதியம் தூங்காத பிள்ளை சாயங்காலம் நம் உயிரை எடுத்துவிடும்.

நேரம்தான் இங்கே பெரிய தடை. அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதன்பின் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், விடிவதோ எட்டு மணிக்கு. ஆகவே காலை பத்து முதல் பன்னிரண்டு வரை வெளியே, சாப்பாடு, தூக்கம், பிறகு மூன்று மணி வாக்கில் தெருமுனை வரை ஒரு சின்ன நடை. கடிகாரம் மாறிய வாரத்தில் அவள் ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்து உட்கார்ந்துகொள்வாள். படுக்கும் நேரத்தைத் தினம் கால் மணி நேரம் தள்ளிக்கொண்டே போனால் சரியாகிவிடும்.

இனி உடுப்பு. ஒரே தடிமனான ஸ்வெட்டர் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மெல்லியதாக மூன்று அடுக்கு போட்டால்தான் இடையில் காற்று நின்று சூடு தங்கும், வியர்த்தால் ஒன்றைக் கழற்றவும் முடியும். அடியில் தொடைக்கு நடுவே பட்டன் போடுகிற பனியன், அது மேலே ஏறி முதுகைத் திறந்துவிடாது. அதற்கு மேல் முழுக்கைச் சட்டை, பிறகு ஃபிளீஸ். மழை என்றால் எல்லாவற்றுக்கும் மேல் தலை முதல் கணுக்கால் வரை மூடுகிற வாட்டர்புரூஃப் சூட். அதன் கால்பகுதியை ரப்பர் பூட்ஸுக்கு உள்ளே செருகாதீர்கள். செருகினால் மழைத்தண்ணீர் வழிந்து நேராக பூட்ஸுக்குள் இறங்கும். வெளியே விட்டு, அதிலுள்ள எலாஸ்டிக்கை பூட்ஸின் அடியில் மாட்ட வேண்டும். ரப்பர் பூட்ஸ் தண்ணீரைத்தான் தடுக்கும், குளிரைத் தடுக்காது. உள்ளே கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி போதும். இரண்டு ஜோடியைத் திணித்தால் கால் இறுகி, இன்னும் ஜில்லிட்டுப் போகும்.

ஸ்ட்ரோலரில் உட்கார்ந்து வரும்போது நம்மைவிட ஓர் அடுக்கு கூடுதலாக வேண்டும். நடந்து ஓடும்போது நம் அளவே போதும். குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் கை எப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும். பிடரியில் விரல் வையுங்கள்: வெதுவெதுப்பாக இருந்தால் சரி, ஈரமாக இருந்தால் ஒன்றைக் கழற்ற வேண்டும். மஃப்ளர் வேண்டாம், ஊஞ்சலிலோ சறுக்கிலோ சிக்கினால் கழுத்தை இறுக்கும். தலைவழியாகப் போடுகிற கழுத்துப்பட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.

கிளம்பும் வரிசையும் முக்கியம். டயப்பர் மாற்றிய பிறகு, முதலில் நீங்கள் இருவரும் கோட்டு, ஷூ போட்டு முழுதாகத் தயாராகிவிடுங்கள். பையும் வாசலில் இருக்கட்டும். பாப்பாவுக்குக் கடைசியில்தான். அவளுக்கு முதலில் மாட்டிவிட்டு அப்பா கண்ணாடியைத் தேடினால், ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் அவள் வியர்த்துவிடுவாள். அந்த வியர்வையோடு வெளியே போனால்தான் உண்மையில் குளிரும்.

வாசல் கதவைப் பற்றி இருவருமே நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கதவு மாதிரி இது சும்மா சாத்திக்கொள்ளாது, சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்க முடியாது. குப்பைத்தொட்டியை வாசலுக்குத் தள்ளப் போகிற அரை நிமிடத்தில் காற்று கதவை அறைந்துவிட்டால் பாப்பா உள்ளே, நீங்கள் வெளியே. பூட்டின் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. கதவைத் திறந்தவுடன் அதைத் தள்ளிவிட்டால் தாழ் உள்ளிழுத்துக்கொண்டு நிற்கும், பூட்டாது. திரும்பி வந்ததும் பழையபடி விட வேண்டும். அதுபோக, சாவி ஒன்று எப்போதும் அப்பா சட்டைப்பையில், இன்னொன்று அம்மா கோட்டில்.

ஸ்ட்ரோலரின் கைப்பிடியில் காய்கறிப் பையைத் தொங்கவிடத் தோன்றும். பாப்பா உட்கார்ந்திருக்கும் வரை ஒன்றும் ஆகாது. அவளைத் தூக்கிய மறுகணம் வண்டி பின்பக்கம் மல்லாந்துவிடும். கீழே கூடை இருக்கிறது, கனமானதெல்லாம் அதில்தான். நின்றால் பிரேக், உட்கார்ந்தால் பெல்ட். மழைக்கு மேலே போடுகிற பிளாஸ்டிக் உறையைக் கடைக்குள்ளோ பஸ்ஸுக்குள்ளோ போனதும் எடுத்துவிடுங்கள், உள்ளே சீக்கிரம் புழுங்கும். அதே காரணத்துக்காக, எந்தக் காலத்திலும் வண்டியின் மேல் துண்டைப் போர்த்தாதீர்கள்.

லண்டன் பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு கார்டு, ஏறும்போது அங்குள்ள கருவியில் ஒருதடவை தட்டினால் போதும். ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம், ஆனால் அதே கார்டைத் தட்ட வேண்டும். ரயிலில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும், மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும். பாப்பாவுக்கு ஐந்து வயது வரை இலவசம். பஸ்ஸின் நடுவில் ஸ்ட்ரோலர் நிறுத்துகிற இடம் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு முன்னுரிமை உள்ள இடம். அவர்கள் ஏறினால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வண்டியை மடக்கிவிட வேண்டும், யாரும் சொல்லும் வரை காத்திருக்கக் கூடாது. மடக்குவதை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

ரயில் வரைபடத்தில் சக்கர நாற்காலி அடையாளம் போட்ட ஸ்டேஷன்களில் மட்டும் இறங்குங்கள். நீல வட்டத்தில் வெள்ளைப் படம் என்றால் தெருவிலிருந்து ரயில் பெட்டி வரை படியே கிடையாது. வெள்ளை வட்டத்தில் நீலப் படம் என்றால் பிளாட்பாரம் வரை மட்டும், பெட்டிக்குள் ஏற ஒரு படியோ இடைவெளியோ இருக்கும். இல்ஃபோர்டிலிருந்து போகிற எலிசபெத் லைனில் எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் வழியோ சாய்தளமோ உண்டு, டிஎல்ஆர் என்கிற இலகு ரயிலிலும் அப்படியே. எஸ்கலேட்டரில் ஸ்ட்ரோலரோடு ஏற வேண்டாம்.

காரில் அவளை மடியில் வைத்துக்கொள்வது என்பது கிடையவே கிடையாது. பன்னிரண்டு வயது ஆகும் வரை, அல்லது 135 செ.மீ. உயரம் வரும் வரை குழந்தை சீட் சட்டப்படி கட்டாயம். டாக்ஸியில் சீட் இல்லாவிட்டால் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை பின்சீட்டில் அப்படியே வரலாம் என்று சட்டம் விட்டுக்கொடுக்கிறது. நாம் அதைப் பயன்படுத்த வேண்டாம், பஸ்ஸே மேல். சீட்டில் உட்கார வைக்கும்போது தடித்த கோட்டைக் கழற்றிவிட வேண்டும். கோட்டின் பஞ்சுக்கு மேல் பெல்ட் இறுக்கமாகத் தெரியும், மோதினால் பஞ்சு அமுங்கி பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். தோளெலும்புக்கு மேல் பெல்ட்டை விரலால் கிள்ளிப் பாருங்கள், கிள்ள முடிந்தால் இன்னும் இறுக்க வேண்டும். கட்டிய பிறகு கோட்டை மேலே போர்த்திவிடலாம்.

எங்கே போவது? நல்ல வெயில் அடித்தால் வேலன்டைன்ஸ் பார்க். வாத்துக்குளமும் விளையாட்டுத் திடலும் இருக்கின்றன. இருட்டும் முன் பூங்காக் கதவுகளை மூடிவிடுவார்கள், வாசலில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பழைய துண்டு ஒன்று கட்டாயம் கொண்டுபோக வேண்டும், சறுக்கும் ஊஞ்சலும் எப்போதும் நனைந்துதான் இருக்கும். வாட்டர்புரூஃப் சூட்டோடு ஈரச் சறுக்கில் விட்டால் அம்பு மாதிரி பாய்வாள், கீழே ஒருவர் நிற்க வேண்டும். மற்ற பிள்ளைகளைத் தூக்குவது, கன்னத்தைக் கிள்ளுவது, ஃபோட்டோ எடுப்பது எதுவும் வேண்டாம். பிஸ்கட் கொடுப்பதாக இருந்தாலும் பெற்றவரைக் கேட்டுவிட்டுத்தான். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இங்கே அநேகம். அம்மாவுக்கு இது கஷ்டம்தான்.

மழை நாளுக்கு நூலகம். குழந்தைகளுக்கான பாட்டு நேரம் அரைமணி, இலவசம். கூட வந்த பெரியவர்களும் தரையில் உட்கார்ந்து கைதட்டிப் பாட வேண்டும், தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்க்க முடியாது. முழங்கால் வலி உள்ள அப்பா நாற்காலி கேட்டால் தருவார்கள்.

ஒரு சனிக்கிழமை எல்லோருமாக டிஎல்ஆரில் மட்சூட் பண்ணைக்குப் போவோம். ஆடு, மாடு, கோழி எல்லாம் உண்டு, நுழைவுக் கட்டணம் இல்லை. டிஎல்ஆரில் ஓட்டுநர் அறை கிடையாது, முன்சீட்டில் உட்கார்ந்தால் நாமே ஓட்டுகிற மாதிரி இருக்கும். அதற்கு அப்பாவும் பாப்பாவும் போட்டி போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும். சானிடைசர் ஜெல் அங்குள்ள கிருமிக்குப் போதாது.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியது படிக்கட்டு. மேலேயும் கீழேயும் தடுப்புக் கதவு போட்டிருக்கிறோம். மேலே உள்ளதைச் சுவரில் திருகாணி அடித்து மாட்டியிருக்கிறோம். அழுத்தி நிறுத்துகிற வகைக்குத் தரையில் குறுக்குக் கம்பி இருக்கும், இருட்டில் கால் தடுக்கினால் தலைகீழாகத்தான் விழ வேண்டும். கதவைத் தாண்டிக் காலெடுத்து வைக்காதீர்கள், திறந்தே போங்கள். குளியலறையில் வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய். வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வரும். தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர், முழங்கையால் பார்த்துவிட்டுப் பாப்பா. இரவு அவள் அறையில் 16 முதல் 20 டிகிரி போதும். ஹீட்டரை ஏற்றி ரஜாய் போர்த்த வேண்டாம், அவளுக்குத் தூங்கும் பை இருக்கிறது. துணியை ரேடியேட்டர் மேல் காயப்போட்டால் சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும், காயப்போடும் அறையில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து கதவைச் சாத்துங்கள்.

பாப்பாவுக்கு நீல மூடி போட்ட பால். அதுதான் கொழுப்பெடுக்காதது, இரண்டு வயது வரை அதுவே. பச்சை மூடி நமக்கு. வெயில் இல்லாத ஊர் என்பதால் வைட்டமின் டி தினம் 10 மைக்ரோகிராம், சொட்டு மருந்து அலமாரி மேல்தட்டில். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். முழுக்கடலையும் முந்திரியும் ஐந்து வயது வரை கிடையாது. ஊரிலிருந்து காய்ச்சல் சொட்டு மருந்து கொண்டுவராதீர்கள். அங்கே ஒரு மில்லியிலேயே 100 மி.கி. பாராசிட்டமால் இருக்கும், இங்குள்ள சிரப்பில் 5 மில்லிக்கு 120 மி.கி. கலந்து குழப்பினால் ஆபத்து. இங்குள்ளதில் அவள் வயதுக்கு ஒருவேளைக்கு 5 மில்லி, குறைந்தது நாலு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் கூடாது. சந்தேகம் என்றால் மருத்துவ ஆலோசனைக்கு 111, உயிருக்கு ஆபத்து என்றால் 999 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்யுங்கள். 111-ல் "தமிழ் இன்டர்பிரட்டர் பிளீஸ்" என்றால் தமிழ் பேசுகிறவரை இணைப்பார்கள். முகவரியும் அஞ்சல் குறியீடும் ஃபிரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது.

பெட்டி கட்டும்போது நெய், பால்கோவா, மாமி தருகிற பால் இனிப்பு எதையும் வைக்காதீர்கள். பால் பொருளும் இறைச்சியும் இந்தியாவிலிருந்து கொண்டுவர இங்கே அனுமதி இல்லை, விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். முருங்கைக்காயிலிருந்து இட்லி அரிசி வரை ஈஸ்ட் ஹாமில் கிடைக்கும். கோட்டு, பூட்ஸ் இங்கே வாங்கிக்கொள்ளலாம், ஷூ அளவை மட்டும் சென்டிமீட்டரில் எழுதி அனுப்புங்கள். மிச்ச இடத்தில் தமிழ்ப் படப் புத்தகங்களையும் மரச் சொப்பு ஒரு செட்டையும் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்