வேலாதம் எழுத்துப்பிழை அன்று: புனைகதைப் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர்களுக்கும் மெய்ப்புத் திருத்துநர்களுக்கும் வணக்கம்.

என் முந்தைய நாவலில் வேலாதம் என்றொரு பாத்திரம் உண்டு. பிறப்பைப் பதிவு செய்த எழுத்தர் வேலாயுதம் என்பதில் 'யு'வை விட்டுவிட, அந்தப் பிழையையே பெயராகச் சுமந்து அறுபது வயதைக் கடந்தவர் அவர். நூல் அச்சாகி வந்தபோது வேலாயுதமாகியிருந்தார். யாரோ நல்லெண்ணத்தோடு கணினியில் 'தேடி மாற்று' என்று கொடுத்திருக்கிறார்கள். அதுவும் அரைகுறையாகவே நடந்தது. எழுவாயாக வந்த இடங்களில் மட்டும் பெயர் மாறியது. உருபேற்ற இடங்களில் வேலாதத்தை, வேலாதத்திடம், வேலாதத்துக்கு என்று பழையபடியே நின்றுவிட்டது. இருவரும் அண்ணன் தம்பி என்று எண்ணிக்கொண்ட வாசகர் ஒருவர், "கடைசியில் தம்பி என்னதான் ஆனார்?" என்று கேட்டு எழுதினார். இதைவிடக் கொடுமை, அலுவலகக் காட்சிக்கு நேர்ந்தது. அலுவலர் தாமாகவே வேலாயுதம் என்று எழுதிக்கொள்ள, இவர் பதறிப்போய், "வேலாயுதம் இல்லை ஐயா, வேலாதம்" என்று சொல்லும் இடம்தான் நாவலின் உயிர்நிலை. அச்சில் அவர், "வேலாயுதம் இல்லை ஐயா, வேலாயுதம்" என்கிறார்.

திருத்தியவர் யாரென்று நான் விசாரிக்கவில்லை. விசித்திரமான பெயர் ஒன்று கையெழுத்துப் பிரதியில் தென்பட்டால், அது அங்கே வந்து சேர்ந்த வழி எத்தகையது என்பதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அந்தப் பாத்திரத்துக்கு நான் மூன்று மாதங்கள் பெயர் தேடினேன். யாரோடும் சண்டையிடத் தெரியாத மனிதர். ஆனால் சண்டைக்காரர் என்று பிறர் தவறாக நினைக்கத்தக்க பெயர் அவருக்கு வேண்டும். முதலில் வேலாயுதம் என்றே எழுதிப் பார்த்தேன். ஒருநாள் அவசரமாகத் தட்டச்சு செய்தபோது 'யு' விடுபட்டது. அழிக்கப் போன கை நின்றுவிட்டது. அந்த ஓரெழுத்து போனதும் பெயரிலிருந்து ஆயுதமே போய்விடுகிறது அல்லவா? எழுத்தர், பதிவேடு, அலுவலகக் காட்சி எல்லாம் அந்தப் பிழைக்குப் பிறகு வந்தவை. பெயருக்காகக் கதை மாறியது என்பதே உண்மை.

இது என் ஒருவனின் கிறுக்கு என்று எண்ணிவிடாதீர்கள். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் பெயர்களைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டவர். 1843இல் தொடராக வெளிவரத் தொடங்கிய நாவலின் நாயகனுக்கு ஸ்வீசில்டன், ஸ்வீசில்பேக், ஸ்வீசில்வேக், சசில்டோ, சசில்பாய், சப்பில்விக், சசில்விக் என்றெல்லாம் எழுதிப் பார்த்த பிறகே சசில்விட்டில் வந்து நின்றார். விக்குக்கும் விட்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு மெய்யெழுத்து. பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கோ, பொருத்தமான பெயருக்காக நண்பர் கோஸ்லானை இழுத்துக்கொண்டு பாரிஸ் தெருக்களில் கடைப் பலகைகளைப் படித்தபடி நடந்து, கடைசியில் ஒரு தையற்காரரின் பலகையில் மார்க்கஸ் என்பதைக் கண்டெடுத்தார் என்று அந்த நண்பரே எழுதிவைத்திருக்கிறார். கற்பனை உலகங்களைப் படைத்த ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் இன்னும் ஒருபடி மேலே போய், முதலில் மொழிகளை உருவாக்கி, அவற்றின் ஒலி விதிகளிலிருந்து பெயர்களைப் பெற்றார். அங்கே ஓர் உயிரெழுத்தைத் 'திருத்தினால்' ஓர் இலக்கணமே குலைந்துவிடும்.

பெயரின் ஒலிக்கும் தனி வேலை உண்டு. உளவியலறிஞர் வொல்ஃப்காங் கோலர் 1929இல், முனைகள் கூர்மையான ஓர் உருவத்தையும் வளைவுகள் மட்டுமே கொண்ட ஓர் உருவத்தையும் முன்வைத்து, இவற்றில் எது 'தகேட்டே', எது 'பலூமா' என்ற கேள்வியை எழுப்பினார். பொருளே இல்லாத சொற்கள்தாம். ஆயினும் கூரான உருவத்துக்குத் தகேட்டே என்றே பெரும்பாலானோர் சொல்வார்கள். வல்லினத்தை மெல்லினமாக்கும்போது பாத்திரத்தின் முகமும் கொஞ்சம் மாறிவிடுகிறது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சோதனையும் இருக்கிறது: புதிதாகப் புனைந்த பெயர் ஐ, கு, இடம் ஆகிய உருபுகளை ஏற்று நாக்கில் புரள வேண்டும், விளித்தாலும் இயல்பாக ஒலிக்க வேண்டும். நான் ஆசையாகப் புனைந்த பல பெயர்கள் நான்காம் வேற்றுமையிலேயே உயிரை விட்டிருக்கின்றன.

வாசகருக்குப் பழக்கமில்லாத பெயர் வாசிப்பைத் தடுக்கும் என்று நீங்கள் சொல்வதை நான் முற்றாக மறுக்கவில்லை. ஒரே எழுத்தில் தொடங்கும் நான்கு பெயர்களை ஒரே அத்தியாயத்தில் இறக்கிவிட்டு, வாசகரைக் குழப்பியதற்காக நீங்கள் என்னைக் கடிந்தது சரியே. வெறும் பகட்டுக்காக வைத்த பெயரும் நான்கு பக்கங்களில் பல்லை இளித்துவிடும். ஆனால் விசித்திரம் என்பதாலேயே ஒரு பெயர் நமக்கு அந்நியமாகிவிடாது. பெயர் தெரியாத கவிஞரை அவர் பாட்டில் வைத்த உவமையைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்று அழைத்த மொழியில்தான் நாம் வேலை செய்கிறோம்.

ஆகவே உங்களிடம் கேட்பது சிறிய உதவிதான். பிரதியைக் கையில் எடுக்கும்போதே எழுத்தாளரிடம் பாத்திரப் பெயர்ப் பட்டியலை, உருபேற்ற வடிவங்களோடு, கேட்டு வாங்குங்கள். ஐயம் எழுந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இடுங்கள். அதற்குப் பதில் சொல்வது எங்கள் கடமை. கணினியின் 'அனைத்தையும் மாற்று' என்ற பொத்தானை மட்டும் பெயர்களின் பக்கம் கொண்டுவராதீர்கள்.

என் அடுத்த நாவலின் பட்டியல் ஆயத்தமாக இருக்கிறது. அதில் உள்ள பதினான்கு பெயர்களில் ஒன்பதாவது மட்டும் உண்மையாகவே என் தட்டச்சுப் பிழை. அதைத் தயங்காமல் திருத்திவிடுங்கள்.

அன்புடன்,
வேலாதத்தைப் பெற்றவன்