கிண்டியிலிருந்து ஃபிளெமிங்டனுக்கு

சென்னை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கும் அனைவரும் நலம். நவம்பர் மாத முதல் செவ்வாய்க்கிழமை உங்கள் ஊர் ஃபிளெமிங்டன் மைதானத்தில் நடக்கும் மெல்பர்ன் கோப்பைப் பந்தயத்துக்கு உன் மகனின் அலுவலகத்தார் குடும்பத்தோடு அழைத்திருப்பதையும், பேத்தி வரமாட்டேன் என்று அடம்பிடிப்பதையும், "தாத்தா கால்நடை மருத்துவர்தானே, அவரே சொல்லட்டும்" என்று உன்னையே நடுவராக உட்கார வைத்திருப்பதையும் எழுதியிருந்தாய். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் என்ற உரிமையில் என் கருத்தைக் கேட்டிருக்கிறாய். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் நம் ஊர்ச் செய்தி. 1945-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கர் நிலத்தை, வாடகைப் பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று சொல்லி, 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது உனக்குத் தெரிந்திருக்கும். அதைத் தொடர்ந்து வழக்கு, பூங்காத் திட்டம், வேளச்சேரி வெள்ளத்தைத் தடுக்கக் குளம் வெட்டுவது என்று எத்தனையோ பேச்சு நடந்தது. நிலத்தின் மதிப்பைப் பற்றிப் பேசினார்கள். குத்தகைக்கு எடுத்திருந்த மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் உரிமையைப் பற்றிப் பேசினார்கள். மழைநீரைப் பற்றியும் பேசினார்கள், அது நியாயமும்கூட. லாயத்தில் நின்ற குதிரைகள் என்ன ஆகும் என்ற கேள்வியை மட்டும் கிளப்பின் வக்கீல்களைத் தவிர வேறு யாரும் பெரிதாக எழுப்பியதாக எனக்கு நினைவில்லை.

யோசித்துப் பார்த்தால் இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. 1974-இல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தபோது, கூலி வாங்கிய கையோடு கிண்டிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பும் மனிதர்களின் குடும்பங்களே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. அந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் 1996-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, எனவே சூதாட்டம் ஆகாது என்றது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கைத்திறன் எல்லாம் அந்தத் தீர்ப்பில் வருகின்றன. ஆனால் அவை பணம் கட்டுகிறவன் கணக்குப் போட உதவும் தகவல்களாகவே வருகின்றன. ஓடுகிற உயிருக்கு வலிக்கிறதா என்பது அங்கே வழக்கே இல்லை.

ஜல்லிக்கட்டு வழக்கை இதோடு ஒப்பிட்டுப் பார். 2014-இல் உச்ச நீதிமன்றம் காளையின் பயத்தையும் வலியையும் பக்கம் பக்கமாக ஆராய்ந்து தடை விதித்தது, 2017-இல் மெரினாவில் திரண்ட இளைஞர்கள், "குதிரைப் பந்தயத்தை ஏன் தொடவில்லை?" என்று கேட்டார்கள். வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாத விலங்குகள் என்று மத்திய அரசு 2011-இல் வெளியிட்ட பட்டியலில் காளை இருந்தது, குதிரை இல்லை. ஆகவே கேள்வி நியாயமானதுதான். ஆனால் அது காளைக்காகக் கேட்கப்பட்ட கேள்வி. 2023-இல் ஜல்லிக்கட்டுச் சட்டம் செல்லும் என்ற தீர்ப்பு வந்ததும், அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் குதிரையை மறந்துவிட்டார்கள். பணக்காரர்களின் விளையாட்டு என்று திட்டுவதற்குக் குதிரை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

உனக்கும் எனக்கும் அந்த வசதி கிடையாது, ஏனென்றால் குதிரையின் காலை நாம் அறுத்துப் பார்த்துப் படித்திருக்கிறோம். முன்னங்கால் முட்டிக்குக் கீழே சதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தோலும் தசைநாணும் எலும்பும்தான். ஒற்றை விரலின் நகத்தில் நிற்கும் ஏறக்குறைய 500 கிலோ உடல், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, ஒரு கணம் அதன் எடையைப் போல இரண்டரை மடங்கு ஒரே காலில் இறங்குகிறது. எலும்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுவதும், ஓய்வு கொடுத்தால் அவை ஆறுவதும் இயற்கை. ஓய்வு கொடுக்காமல், வலி மரத்துப்போக ஊசி போட்டு அடுத்த சனிக்கிழமையும் ஓட விட்டால், என்றோ ஒரு நாள் மைதானத்தில் எல்லோர் கண்ணெதிரே அது முறிகிறது. பார்க்கிறவர்கள் அதை விபத்து என்கிறார்கள். எலும்பைப் பொறுத்தவரை அது பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட்ட கதை.

முறிந்தால் ஏன் கட்டுப் போட்டுக் காப்பாற்றக் கூடாது என்று உன் பேத்தி கேட்பாள். அவளுக்கு பார்பரோவின் கதையைச் சொல். 2006-இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற அந்தக் குதிரை, இரண்டு வாரத்தில் அடுத்த பெரிய பந்தயத்தில் பின்னங்கால் உடைந்து நின்றது. எலும்பு இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகியிருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையில், பணத்துக்குக் குறைவில்லாமல், எட்டு மாதம் போராடினார்கள். உடைந்த கால் ஓரளவு சேர்ந்து வந்தது. ஆனால் பாரத்தைச் சுமந்த மற்றக் கால்களின் குளம்புகள் உள்ளே அழன்று கழன்றன. 2007 ஜனவரியில் ஊசி போட்டு முடித்துவைத்தார்கள். உலகத்தில் எந்தப் பந்தயக் குதிரைக்கும் அதைவிட நல்ல சிகிச்சை கிடைக்க வாய்ப்பில்லை, அதற்கே அந்த முடிவு என்றால், சிகிச்சையை நம்பிப் பந்தயத்தை நியாயப்படுத்த முடியாது. முறிவதற்கு முன்பு தடுப்பது ஒன்றுதான் வழி.

தடுக்க முடியும் என்பதற்கு உன் ஊரே சாட்சி. 2014 கோப்பையில் பலரும் பணம் கட்டியிருந்த ஜப்பானியக் குதிரை அட்மயர் ராக்டி கடைசியாக வந்து, தன் லாயத்துக்குத் திரும்பியதும் இதயம் நின்று விழுந்தது. அதே பந்தயத்தில் ஓடிய அரால்டோ, பார்வையாளர் பக்கம் அசைந்த ஒரு கொடியைக் கண்டு மிரண்டு வேலியை உதைத்துக் கால் முறிந்து செத்தது. 2020-இல் ஆன்டனி வான் டைக் என்ற குதிரையின் கால் ஓட்டத்தின் நடுவிலேயே கணுவில் முறிந்தது. அதன் பிறகுதான் வெளிநாட்டிலிருந்து வரும் குதிரைகளின் கால்களை சி.டி. ஸ்கேன் செய்து பார்த்த பிறகே ஓட விடுவது என்று விதியை இறுக்கினார்கள். 2024-இல் ஜான் புரூகெல் என்ற குதிரையை ஸ்கேனைப் பார்த்து மருத்துவர்கள் நிறுத்திவிட்டார்கள். பயிற்சியாளர் கொதித்துப் போனார், குதிரைக்கு ஒன்றுமே இல்லை என்றார். அடுத்த கோடையில் அது இங்கிலாந்தில் ஒரு பெரிய பந்தயத்தை வென்றும் காட்டியது. அதை வைத்து மருத்துவர்கள் தவறு செய்தார்கள் என்று சிலர் வாதிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தேகம் வந்தால் அதன் பலன் குதிரைக்குப் போக வேண்டும் என்று ஒரு மைதானம் முடிவெடுத்தது. அந்தக் குதிரை உயிரோடு இருந்ததால்தான் மறு ஆண்டு ஜெயிக்கவும் முடிந்தது.

அமெரிக்காவிலும் அப்படித்தான். 2019-இல் கலிஃபோர்னியாவின் சான்டா அனிடா மைதானத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் குதிரைகள் சாக, நாடே கேள்வி கேட்டது. 2020-இல் தேசியச் சட்டம் வந்தது, 2022 ஜூலையில் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2009-இல் ஆயிரம் ஓட்டத்துக்கு இரண்டு குதிரைகள் என்று இருந்த சாவு, அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட மைதானங்களில் 2024-இல் 0.90 ஆகக் குறைந்தது. தலைவிதி என்று பல தலைமுறைகளாகச் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதிக்கு மேல் தலைவிதியே அல்ல, அலட்சியம் என்றுதானே இதற்கு அர்த்தம்? அவர்கள் செய்த முதல் காரியம், செத்ததை எண்ணியது. நம் நாட்டுப் பந்தய கிளப்கள் அப்படி ஓர் எண்ணிக்கையை ஆண்டுதோறும் பொதுவில் வைத்து நான் பார்த்ததில்லை. நம் மிருகவதைத் தடுப்புச் சட்டமோ 1960-ஆம் ஆண்டுச் சட்டம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. பந்தயத்தன்று கிண்டியில் டீயும் சமோசாவும் வாங்கவே அதற்கு மேல் ஆகும்.

சாவைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். வாழ்க்கையைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் எனக்கு அதிகம் உறுத்துவது அதுதான். ஓய்வு பெற்ற பிறகு, ஊருக்கு வெளியே குதிரையேற்றம் கற்றுத்தரும் ஓர் இடத்துக்கு அவ்வப்போது போய் வருகிறேன். அங்கே ரேஸில் ஓடி ஓய்ந்த ஒரு செம்பழுப்புக் குதிரை இருக்கிறது. லாயக் கதவின் மேல்கட்டையை மேல்வரிசைப் பற்களால் பற்றிக்கொண்டு, கழுத்தை வளைத்து, 'க்ளக்' என்ற சத்தத்தோடு காற்றை உள்ளே இழுக்கும். விட்டுவிட்டு மறுபடியும் இழுக்கும். கட்டை அந்த இடத்தில் அரை வட்டமாகத் தேய்ந்திருக்கிறது, குதிரையின் முன்பற்களும் அப்படியே. இப்போது அதற்கு மேய இடம் இருக்கிறது, கூடவே இன்னொரு குதிரையும் இருக்கிறது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. மந்தையோடு நாளில் பெரும்பகுதி மேய்ந்து நடக்க வேண்டிய பிராணியைத் தனி அறையில் நிறுத்தி, காலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மற்ற நேரமெல்லாம் பூட்டி, புல்லைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டினால் வயிற்றில் புண் வராமல் என்ன செய்யும்? அதைக் குளிப்பாட்டித் தேய்க்கும் சைஸ் (குதிரைக்காரர்) அதன்மேல் உயிரையே வைத்திருக்கிறார், அதை நான் கண்ணால் பார்க்கிறேன். அவருடைய பாசத்தைக் காட்டித் தொழில் முழுவதையும் நியாயப்படுத்துகிறவர்கள், அவருக்கு என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

இந்தக் குதிரைக்காவது ஒரு இடம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகள் குவின்ஸ்லாந்து இறைச்சிக்கூடம் ஒன்றில் வெட்டப்படுவதை 2019-இல் ஏ.பி.சி. தொலைக்காட்சி காட்டியபோது உங்கள் ஊரே அதிர்ந்தது. அதற்குப் பிறகு மறுவாழ்வுத் திட்டங்கள் வளர்ந்திருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து, ஆறு வயதில் ஓட்டம் முடிந்து, இருபத்தைந்து வயது வரை வாழக்கூடிய பிராணிக்கு மீதி இருபது ஆண்டுக்கான தீவனச் செலவை, அது ஓடி ஜெயித்த பணத்திலிருந்தே முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்று எந்த ஊரில் கட்டாயமாக்கினாலும், பிறக்க வைக்கும் குட்டிகளின் எண்ணிக்கை தானாகக் குறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

சாட்டையைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. நார்வேயில் அடிக்காமலே பந்தயம் நடக்கிறது. உங்கள் ஊரில் கடைசி 100 மீட்டருக்கு முன் ஐந்து முறைதான் அடிக்கலாம் என்று விதி. அதற்குப் பிறகு ஜாக்கி விருப்பம். களைத்துப்போன குதிரையைத்தான் அதிகம் அடிக்கலாம் என்பது என்ன நியாயமோ!

இரண்டு வயதுக் குட்டிகளை ஓட விடுவது பற்றி நீ வாதம் செய்வாய் என்று தெரியும். இளம் வயதில் அளவான ஓட்டம் எலும்பை உறுதியாக்குகிறது என்ற ஆய்வுகளை நானும் படித்திருக்கிறேன். அளவான ஓட்டத்துக்கும், சிட்னியில் கோல்டன் ஸ்லிப்பர் போல இரண்டு வயதுக் குட்டிகளுக்கென்றே கோடிக்கணக்கில் பரிசு வைப்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அந்தப் பரிசுதான் அவசரத்தை உண்டாக்குகிறது.

ஆகவே என் முடிவு இது: சாவையும் காயத்தையும் பகிரங்கமாக எண்ணாத, ஓய்வுக்குப் பொறுப்பேற்காத எந்த மைதானத்துக்கும் நான் போகமாட்டேன், அந்த அளவில் கிண்டி ஒரேயடியாக மூடப்பட்டால் எனக்கு வருத்தமில்லை, ஆனால் மூடுகிறவர்கள் குதிரைகளுக்கும் சைஸ்களுக்கும் வழி சொல்லிவிட்டு மூட வேண்டும். ஃபிளெமிங்டனில் காயங்களை அறிக்கையில் எழுதுகிறார்கள், ஸ்கேன் செய்கிறார்கள். அது எங்களைவிடப் பல படி மேல். இருந்தாலும், உயிர் போகலாம் என்று தெரிந்த ஆட்டத்துக்கு ஒரு பக்கம் மட்டுமே சம்மதம் சொல்லியிருக்கிறது என்ற என் பழைய தடை அப்படியே இருக்கிறது. உன் பேத்தி போகவில்லை என்றால் அவளை வற்புறுத்தாதே. மகனுக்காக நீ போவதென்றால் போ, பணம் கட்டாதே.

போனால் எனக்கு ஓர் உதவி செய். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் அங்கே நடுவர்கள் வெளியிடும் அறிக்கையில், எந்தக் குதிரை நொண்டியது, எதற்கு மூக்கில் ரத்தம் வந்தது என்று எழுதியிருப்பார்கள். அன்றைய எல்லாப் பந்தயங்களின் அறிக்கையையும் மறுநாள் எனக்கு அனுப்பு. வேப்பேரியில் மாணவர்களிடம் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். அவர்களிடம் காட்டி, நம் கிளப்களிடமும் இப்படி ஒன்றைக் கேட்டுக் கடிதம் எழுதச் சொல்லப் போகிறேன்.

வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் வேப்பேரித் தோழன்