செயலாளரின் ஆண்டறிக்கை: நெடும்பயணத்தில் மிதிவண்டிக் களவும் மீட்பும்

சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், ஆண்டுப் பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் வழக்கமான பணிகள் இவ்வாண்டும் தடையின்றி நடைபெற்றன. வார இறுதிப் பயணங்கள், பழுதுபார்ப்புப் பயிற்சி, புதிய உறுப்பினர் சேர்க்கை பற்றிய விவரங்கள் இணைப்பில் உள்ளன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். நெடும்பயணத்தில் இருந்த நம் உறுப்பினர் ஒருவரின் மிதிவண்டி களவுபோனதும், சில வாரங்களுக்குப் பின் அது மீட்கப்பட்டதும் வேறெதையும்விட அதிகமாகச் செயற்குழுவின் கவனத்தைக் கோரின.

உறுப்பினரின் இசைவோடு நடந்ததைக் கூறுகிறேன். அயல்நாட்டில், பயணத்தின் நடுப்பகுதியில், விடுதியின் வெளிக்கம்பியோடு கம்பிவடப் பூட்டால் பிணைக்கப்பட்டிருந்த வண்டி இரவோடிரவாகக் காணாமற்போனது. பைகளை அறைக்குள் எடுத்துச் சென்றிருந்ததால் கடவுச்சீட்டும் பணமும் தப்பின. சொந்த ஊரில் வண்டியை இழந்தவர் மறுநாளும் அதே தெருக்களில் தேடலாம், காவல் நிலையத்துக்கு மறுபடியும் போய் நிற்கலாம். பயணிக்கோ விசா நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, மொழி தெரியாது, வண்டி கிடைக்கும் நேரத்தில் அவர் அந்த நாட்டிலேயே இருக்கமாட்டார். பயணக் களவில் மீட்பு அரிதாவதற்கு இதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன். ஆகவே உரிமையாளர் இல்லாத இடத்திலும் அவருக்காகப் பேசக்கூடிய சான்றுகளை அவர் விட்டுச் செல்லவேண்டும்.

நம் உறுப்பினரிடம் அவை இருந்தன. புறப்படும் முன் வண்டியின் உடற்சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் ஃபிரேம் எண்ணைப் படம்பிடித்து, வாங்கிய ரசீதின் நகலோடும் வண்டியின் இருபுறப் படங்களோடும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைத்திருந்தார். களவு தெரிந்த அன்று காலையிலேயே அவை காவல் நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. எண் இல்லாமல் புகாரைப் பதியத் தயங்கிய அலுவலர், எண்ணைக் கண்டதும் பதிந்து ஒப்புகை எண் கொடுத்தார். அன்றே எவரும் எண்ணைத் தேடிப்பார்க்கக்கூடிய மிதிவண்டிப் பொதுப் பதிவேட்டிலும் வண்டி களவுபோனதாகக் குறிக்கப்பட்டது. உறுப்பினர் நாடு திரும்பிய பின்னர், பழைய வண்டி வாங்க வந்த ஒருவர் பணம் கொடுக்கும் முன் எண்ணைப் பதிவேட்டில் தேடிப்பார்த்து, வாங்க மறுத்துக் காவல்துறைக்குத் தெரிவித்தார். இருக்கையும் பின்கேரியரும் கழற்றப்பட்டு, முன்கவை வேறு நிறத்தில் பூசப்பட்டிருந்தது. அடிப்புறத்து எண்ணை மட்டும் யாரும் தொடவில்லை. பின்கேரியர் பொருத்தும் இடத்தில் முன்பு செய்திருந்த பற்றவைப்புத் தழும்பு படத்திலும் வண்டியிலும் ஒன்றுபோல இருந்ததால் உரிமை உறுதியானது. அங்குள்ள மிதிவண்டியோட்டி ஒருவர் அதிகாரக் கடிதத்தைக் காட்டி வண்டியைப் பெற்று, பிரித்துக் கட்டி அனுப்பிவைத்தார். முன்பின் அறியாத இருவரின் நேர்மைக்கு இப்பேரவை நன்றிக்கடன் பட்டிருக்கிறது. பெயர் வெளியிட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் குறிப்பிடவில்லை.

ஃபிரேம் எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பெரும்பாலான வண்டிகளில் பெடல் அச்சு பொருந்தும் குழாயின் அடியில் அது பொறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் முன்குழாயிலோ பின்சக்கர அச்சின் அருகிலோ காணலாம். மோட்டார் வாகனங்களின் 17 எழுத்து அடையாள எண்ணைப் போல உலகளாவிய ஒரே முறை மிதிவண்டிக்கு இல்லாததால், இரு நிறுவனங்களின் வண்டிகளில் ஒரே எண் வர வாய்ப்புண்டு. ஆகவே எண்ணோடு நிறுவனம், மாதிரி, நிறம், தனி அடையாளம் ஆகியவற்றையும் சேர்த்தே பதியவேண்டும். ஜப்பானில் 1994 முதல் மிதிவண்டி உரிமையாளர் களவுத் தடுப்புப் பதிவு செய்துகொள்வது சட்டக் கடமையாக உள்ளது. பிரான்சில் 2021 ஜனவரி முதல் வணிகர்கள் விற்கும் புதிய வண்டிகள் அடையாளக் குறியிட்டே விற்கப்படவேண்டும். அமெரிக்காவில் 2013-இல் தொடங்கப்பட்ட பைக் இண்டெக்ஸ் என்னும் பதிவேட்டில் எந்த நாட்டவரும் கட்டணமின்றிப் பதியலாம். எல்லை கடந்து பயணிப்பவருக்கு ஒரு நாட்டுப் பதிவேடு மட்டும் போதாது என்பதால் இந்தக் கடைசி வகையையே செயற்குழு பரிந்துரைக்கிறது.

திருடப்பட்ட வண்டியும் எல்லை கடக்கிறது. 2021 அக்டோபரில் பிரான்சின் ரூபே நகரில் உலக டிராக் (ஓடுதள) மிதிவண்டிப் போட்டிகள் நடந்தபோது, இத்தாலிய அணியின் ஊர்தியிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட பந்தய மிதிவண்டிகள் திருடப்பட்டன. அடுத்த சில நாள்களில் அவற்றை ருமேனியக் காவல்துறை கைப்பற்றியது. உலகமே அறிந்த வண்டிகளே அவ்வளவு தொலைவு போய்விட்டன என்றால், நம் வண்டி அதே ஊரில்தான் இருக்கும் என்று நம்பிக் காத்திருப்பதற்கு இடமில்லை.

பூட்டு குறித்துச் செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. பிரிட்டனின் சோல்டு செக்யூர், நெதர்லாந்தின் ஏஆர்டி போன்ற அமைப்புகள் பூட்டுகளைச் சோதித்துத் தரம் வழங்குகின்றன. உயர்ந்த தரம் பெரும்பாலும் எடையோடு சேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு கிராமையும் எண்ணிச் சுமக்கும் பயணி அந்த எடையை ஏற்கத் தயங்குவதை நான் அறிவேன். உலோகத்தை அறுக்கும், பேட்டரியில் இயங்கும் ஆங்கிள் கிரைண்டர் பரவிவிட்ட காலத்தில் பெரும்பாலான பூட்டுகள் சிறிது நேரத்தையே வாங்கித் தருகின்றன. இருந்தாலும் அந்த நேரமும் அந்த இரைச்சலும் திருடனுக்குத் தடைகளே. கம்பிவடப் பூட்டைக் கைக்கத்தரியே ஓசையின்றி அறுத்துவிடுவதால், கண்முன் நிற்கும் வண்டிக்கன்றி வேறெதற்கும் அதை நம்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தரமான சிறிய யூ பூட்டை (U வடிவ இரும்புப் பூட்டை), பின்சக்கரமும் ஃபிரேமின் பின்முக்கோணமும் அசையாத கம்பியும் ஒன்றாகப் பிணையும்படி போடுவது எடைக்கும் காப்புக்கும் இடையே ஏற்ற வழி. விலை உயர்ந்த பூட்டிலும் குறை இருக்கலாம் என்பதை 2004-ஆம் ஆண்டு காட்டியது: உருளைச் சாவித்துளை கொண்ட யூ பூட்டுகளைப் பந்துமுனைப் பேனாவின் குழலால் திறக்கமுடியும் என்று அப்போது தெரியவந்து, அவற்றை மாற்றித் தர நேர்ந்தது. இரவில் வண்டியை அறைக்குள்ளேயே வைக்க அனுமதிக்கும் விடுதியைத் தேடுவது எந்தப் பூட்டையும்விட மேல்.

இருப்பிடம் காட்டும் கருவிகளைச் சங்கச் செலவில் எல்லோருக்கும் வாங்கித் தரவேண்டும் என்ற முன்மொழிவு வந்தது. நான் அதை ஆதரிக்கவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஏர்டேக் போன்றவை தாமாக இருப்பிடத்தை அறிவதில்லை. அருகில் செல்வோரின் கைபேசிகள் வழியாகவே தகவல் அனுப்புகின்றன. ஆளரவம் குறைந்த நெடுஞ்சாலைகளில் அவை மௌனமாகிவிடும். ஒருவரை அவர் அறியாமல் பின்தொடர்வதைத் தடுக்க அவை தரும் எச்சரிக்கை திருடனின் கைபேசிக்கும் போய்ச் சேரும். வைத்திருப்பவர் வைத்திருக்கட்டும், ஆனால் வரைபடத்தில் ஒரு புள்ளி தெரிகிறது என்பதற்காக எந்த உறுப்பினரும் தனியாகக் கதவைத் தட்டப் போகவேண்டாம் என்று மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். புள்ளியைக் காவல்துறையிடம் காட்டுங்கள். வண்டிக்காக ஓர் உறுப்பினர் அடிபட்டார் என்ற செய்தியை இந்தப் பேரவையில் நான் படிக்க விரும்பவில்லை.

காப்பீடு செய்திருப்போர் விதிகளை முழுமையாகப் படிக்கவேண்டும். குறிப்பிட்ட தரப் பூட்டு, அசையாப் பொருளோடு பிணைத்தல், காவல்துறைப் புகார் எண் ஆகியவற்றைப் பல நிறுவனங்கள் கட்டாயமாகக் கேட்கின்றன.

நம் வண்டி திரும்பியதற்கு வாங்க வந்தவரின் எச்சரிக்கையே காரணம் என்பதால் பழைய வண்டி வாங்குவோருக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். 2008-இல் கனடாவின் டொராண்டோ நகரில், பழைய மிதிவண்டிக் கடைக்காரர் ஒருவரோடு தொடர்புடைய பல இடங்களிலிருந்து காவல்துறை ஏறத்தாழ 3,000 வண்டிகளைக் கைப்பற்றியது. இப்படிப்பட்ட வணிகம் கேள்வி கேட்காமல் வாங்குவோரை நம்பியே நடக்கிறது. எண்ணைப் பார்க்காமல், ரசீது கேட்காமல் நம் உறுப்பினர் எவரும் வண்டி வாங்கக்கூடாது.

செயற்குழு எடுத்த முடிவுகள் ஒப்புதலுக்காக வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு உறுப்பினரின் ஃபிரேம் எண், படங்கள், ரசீது நகல் ஆகியவற்றை அவர் இசைவோடு சங்கம் பாதுகாக்கும். நெடும்பயணம் செல்பவருக்காக ஊரில் ஒருவர் தொடர்பாளராக இருந்து, எந்நேரமும் அவற்றை அனுப்பித் தருவார். புகார்க் கடிதமும் அதிகாரக் கடிதமும் செல்லவிருக்கும் நாட்டின் மொழியில் முன்கூட்டியே ஆயத்தம் செய்யப்படும். இப்பணிக்குத் தாமாக முன்வந்த உறுப்பினர்களுக்குச் செயற்குழுவின் நன்றி. மேற்கண்ட முடிவுகளோடு இவ்வறிக்கையைப் பேரவையின் ஏற்புக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்