ஜாகுவாருக்குப் புது இன்ஜின் இல்லையென்றால் உதிரிப் பாகமாவது கொடுங்கள்

பாதுகாப்பு அமைச்சகத்தின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2025-ல் மார்ச், ஏப்ரல், ஜூலை என நம் விமானப்படையின் மூன்று ஜாகுவார் போர் விமானங்கள் விழுந்தன. காரணத்தை விசாரணைக் குழு சொல்லட்டும், நாங்கள் தலையிடவில்லை. ஜாகுவார்களுக்கு அமெரிக்க ஹனிவெல் நிறுவனத்தின் புது இன்ஜின் பொருத்தும் திட்டத்தை விலை கட்டாதென்று 2019-ல் கைவிட்ட கதை உங்களுக்கே தெரியும். சரி, இப்போதுள்ள பழைய அடூர் 811 இன்ஜின்தான் என்றாகிவிட்டது. அதன் டர்பைன் பகுதிக்கான (சூடான வாயு சுழற்றும் பகுதி) பாகங்களைக் கடைசி ஜாகுவார் ஓய்வுபெறும் வரைக்கும் கணக்கிட்டு இப்போதே மொத்தமாக ஆர்டர் செய்யுங்கள்.

வெயிலில் காற்று இலேசாகி உந்துவிசை குறையும். விமானி த்ராட்டிலை இன்னும் தள்ளுவார், டர்பைன் சூடு ஏறும். பிளேடு மெல்ல நீண்டு சுற்று வளையத்தில் உரசும். மேல்பூச்சு உரிந்த இடத்தில் விரிசல் விடும். இன்ஜினுக்குள் விட்டுப் பார்க்கும் போர்ஸ்கோப் கேமராவில் அது அளவு மீறித் தெரிந்தால் இன்ஜினை இறக்கியே ஆக வேண்டும்.

ஸ்டோரில் மாற்று இல்லையா? ஹேங்கரில் நிற்கும் இன்னொரு விமானத்திலிருந்து கழற்றுவார்கள். ஒரு இறக்கம், ஒரு ஏற்றத்தோடு முடிய வேண்டிய வேலை இரண்டிரண்டாகும். ஒவ்வொரு முறையும் எரிபொருள் குழாய்களைக் கழற்றி வாயை மூட வேண்டும்; ஓ-ரிங், கேஸ்கட், லாக் வயர் எல்லாம் புதிது; பிறகு கசிவுச் சோதனை, ஐடிலில் (குறைந்த வேகம்) தொடங்கி ரீஹீட் (கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசை ஏற்றுவது) வரை தரையிலேயே இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது. கழற்றிக் கழற்றி மாட்டினால் நட்டு மரை தேயும், கனெக்டர் பின் வளையும். நன்றாக ஓடிய இன்ஜின் புதுக் கோளாறோடு நிற்கும். மாறிப்போன பாகத்தின் சைக்கிள் கணக்கு (எத்தனை முறை ஓடியது என்பது) அதன் பதிவு அட்டையான லாக் கார்டில் விடுபட்டால், ஆயுள் முடிந்த டிஸ்க் (பிளேடுகளைத் தாங்கும் சக்கரம்) யாருக்கும் தெரியாமல் பறக்கும்.

பிரான்ஸ் ஓரங்கட்டிய 31 ஜாகுவார்களைப் பாகத்துக்காக இந்தியா பெறுவதாக 2018-ல் செய்தி வந்தது. அவற்றிலிருந்து வருவதும் மிச்ச ஆயுள்தானே!

பாகம் செய்ய உள்ளூரில் ஆள் தேடலாமென்றால், தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி உண்டு, மதுரை இல்லை. தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியாயிற்றே, அது போதுமென்று நினைத்தீர்கள் போலும். மதுரையை அடுத்த கப்பலூர்ப் பட்டறைகளால் டர்பைன் பிளேடு வார்க்க முடியாதுதான். இன்ஜின் ட்ராலியும் குழாய் மூடியும் செய்ய முடியும், சான்று கொடுக்க ஆள் வந்தால்.

அது கிடக்கட்டும். பிளேடு, நாஸில் வேன், பேரிங், சீல் கிட் ஆகியவற்றுக்கான ஆர்டரைத் தாமதமின்றி வெளியிடுமாறும், ஒவ்வொரு படைப்பிரிவிலும் மாட்டத் தயாராக இரண்டு இன்ஜின்களாவது வைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படை இன்ஜின் ஃபிட்டர்கள்,
மதுரை வட்டாரம்