உப்புத்தாளுக்குத் தப்பிய துப்பாக்கி

சால்ட் லேக் சிட்டி,
அக்டோபர் 12

அன்புள்ள ராசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பேத்திக்குக் காது குத்தியது, பட்டறையில் மிச்சமிருந்த ஒரே பையனும் கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷின் வேலைக்குப் போய்விட்டது, உன் முழங்கால் வலி எல்லாம் படித்தேன். வலிக்கு வைத்தியம் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. உன் அப்பா வாங்கிய பழைய லேத்தை நன்றாகத் தேய்த்து, பச்சை பெயின்ட் அடித்து, பட்டறை வாசலில் நிறுத்தப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத் தாண்டி எனக்குப் படிக்க ஓடவில்லை. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் போன மாதம் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய ஒற்றைத் தோட்டா வேட்டை ரைஃபிள்களைப் பார்த்து மதிப்புச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓர் அம்மா, எண்பது வயது இருக்கும், வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. பரணில் வீட்டுக்காரருடைய தாத்தாவின் மான் துப்பாக்கி இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். போனேன். கம்பளியில் சுற்றியிருந்ததை மேசைமேல் பிரித்து வைத்தார். பக்கத்திலேயே பேரன் ஸ்டீல் உல் என்ற இரும்பு நாரும் உப்புத்தாளும் எடுத்து வைத்திருந்தான். பாட்டிக்கு உதவியாக, நான் வருவதற்குள் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறான். பத்து நிமிஷம் தாமதமாகப் போயிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

அது ஒரு வின்செஸ்டர் 1885, சேகரிப்பவர்கள் ஹை வால் என்று சொல்வது. இங்கிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டரில் ஆக்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஜான் மோசஸ் பிரவுனிங் பிறந்த ஊர். அப்பாவும் துப்பாக்கிக் கொல்லர்தான். பிரவுனிங் இந்த ரைஃபிளுக்கு 1879இல் காப்புரிமை வாங்கியபோது வயது 24. தம்பிகளோடு சேர்ந்து சின்னப் பட்டறையில் அறுநூறு போலச் செய்திருக்கிறார்கள். அதில் ஒன்று கிழக்கே வின்செஸ்டர் கம்பெனியின் கண்ணில் பட்டு, 1883இல் அதன் மேலாளர் பென்னட் ரயிலேறி ஆக்டனுக்கே வந்து 8,000 டாலருக்கு உரிமையை வாங்கிப் போனார். 1885இலிருந்து 1920 வரை ஏறத்தாழ 1,40,000 ரைஃபிள்கள் செய்திருக்கிறார்கள்.

அதன் அமைப்பு உனக்குப் பிடிக்கும். அடியில் இருக்கும் லீவரைக் கீழே தள்ளினால், ரிசீவரின், அதாவது குழல் வந்து மாட்டும் இரும்பு உடலின், இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவே ஓர் எஃகுப் பாளம் செங்குத்தாக இறங்கும். தோட்டாவை வெடிக்க அடிக்கும் ஹேமரும் அதோடு சேர்ந்தே இறங்கும். தோட்டாவைக் கையால் வைத்து லீவரை ஏற்றினால் பாளம் மேலே வந்து அடைத்துக்கொள்ளும். வெடிப்பின் அழுத்தம் முழுவதையும் பாளம் அந்தச் சுவர்களிடம் ஒப்படைத்துவிடுகிறது. சுவர் உயரமாக இருந்தால் ஹை வால், சின்னத் தோட்டாக்களுக்காகத் தாழ்வாக வெட்டியிருந்தால் லோ வால். பட்டறையில் வளர்ந்த ஒருத்தன் யோசித்தது என்று பார்த்ததுமே தெரியும். அநாவசியமாக ஒரு பாகம்கூட இல்லை.

சரி, அந்த மேசைக்கு வருகிறேன். முதலில் ஸ்க்ரூக்களைப் பார்த்தேன். காடியின் ஓரம் சிதையாமல் கூர்மையாக இருந்தது. அப்புறம் மரமும் இரும்பும் சேரும் இடம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது கட்டையின் மரம் இரும்பைவிட ஒரு முடியளவு தூக்கலாக இருக்கும். யாராவது உப்புத்தாள் போட்டிருந்தால் மரம் இரும்புக்குக் கீழே இறங்கிவிடும். விரல் நுனியால் தடவினாலே தெரியும். இதில் மரம் தூக்கலாகத்தான் இருந்தது. எண்கோணக் குழலின் எட்டு விளிம்புகளும் கத்திமுனை போல நேர்க்கோட்டில் ஓடின. பாலிஷ் சக்கரத்தில் பிடித்த குழல் என்றால் விளிம்பு வளைந்து நெளியும், எழுத்துகளின் ஓரம் மழுங்கும், ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றிக் கிண்ணம் போலக் குழிவு விழும். எதுவும் இல்லை. குழல் இரும்புக்கு ஏற்றிய நீலப் பூச்சு வயதாகிப் பழுப்பாக மாறியிருந்தது. முன் கட்டையைக் கழற்றியதும் அடியில் அந்தக் காலத்து நீலம் அப்படியே பளிச்சென்று இருந்தது. குழலின் அடியில் 3 என்று ஓர் எண். குழலின் பருமன் எண் அது.

ரிசீவரில்தான் என் கண் நின்றுவிட்டது. எலும்புக் கரியும் தோல் கரியும் திணித்த பெட்டியில் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டுக் கடினமாக்குவதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்படிச் செய்யும்போது மேலே நீலமும் பழுப்பும் வைக்கோல் நிறமும் கலந்து மேகம் மேகமாகப் படியும். கடினம் உள்ளே இறங்கியது. நிறமோ வெறும் ஏடு. வெயிலும் கை வியர்வையும் பட்டுப் பட்டே அது போய்விடும். இந்த ரைஃபிளில் கை படும் இடமெல்லாம் வெள்ளி போல வெளுத்திருந்தது. லீவர் மறைக்கும் மூலையில் மட்டும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு அந்த மேகம் மிச்சம் இருந்தது. 1901 வாக்கில் வின்செஸ்டர் இந்த ரிசீவர்களுக்கு நீலம் பூச ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் அந்தக் கட்டைவிரல் அகலம் காலத்தையும் சொல்லிவிட்டது. ஸ்டீல் உல் முதலில் துடைத்து எடுத்திருக்கக்கூடியதும் அதைத்தான். பேரனைப் பக்கத்தில் கூப்பிட்டு லென்ஸ் கொடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, உப்புத்தாளை அவனே எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தான்.

அது 38-55 தோட்டாவுக்கான ரைஃபிள். முதல் எண் குழலின் அளவு, அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. இரண்டாவது எண் கருமருந்தின் எடை, கிரெய்ன் என்ற சின்ன எடைக் கணக்கு. குழல்மேல் அப்படிப் பொறித்திருந்தாலும் நம்பிவிட முடியாது. ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னும் அதற்கு முன்னும் எத்தனையோ ஹை வால்களில் தோட்டா உட்காரும் சேம்பரை வேறு தோட்டாவுக்காகப் பெரிதாக்கியோ குழலையே மாற்றியோ வைத்திருக்கிறார்கள். இந்த ரிசீவர் அவ்வளவு உறுதி என்பதுதான் அதற்கு வினை. அதனால் சேம்பருக்கு அச்சு எடுத்தேன். செரோசேஃப் என்று ஓர் உலோகக் கலவை, கொதிக்காத வெந்நீரிலேயே உருகும். ஊற்றினால் கெட்டியாகி முதலில் கொஞ்சம் சுருங்கும், அப்போது தட்டி வெளியே எடுத்துவிடலாம். பிறகு மெல்ல விரிந்து ஒரு மணி நேரத்தில் சேம்பரின் சரியான அளவுக்கு வந்து நிற்கும். அந்த ஒரு மணி நேரமும் அந்த அம்மா காபி போட்டுக் கொடுத்து, தாத்தா கதை சொல்லிக்கொண்டிருந்தார். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன். 38-55தான், யாரும் கை வைக்கவில்லை. குழலின் உட்புறம்தான் சுமார். பழைய தோட்டாக்களின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் வெடித்தால் ஒரு வகை உப்பு படியும். அது ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும். வேட்டை முடிந்த அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவாமல் விட்ட நாட்களெல்லாம் உள்ளே புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தன.

ஒன்று மட்டும் உறுத்தியது. விரலால் இழுத்துச் சுடும் விசை இரட்டையாக இருந்தது. பின்னதை இழுத்து வைத்தால் முன்னது இறகு பட்டாலும் விழும். இந்த மாதிரி எளிய ரைஃபிளில் அது பொருந்தவில்லை, யாரோ பிறகு மாட்டியது என்று எழுதி, மதிப்பைக் குறைத்து வைத்தேன். இருந்தாலும் வயோமிங்கில் கோடி என்ற ஊரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்துக்குத் தொடர் எண்ணை அனுப்பச் சொன்னேன். வின்செஸ்டரின் பழைய பேரேடுகள் அங்கேதான் இருக்கின்றன. பதில் போன வாரம் வந்தது. 1891இல் கிடங்கிலிருந்து போயிருக்கிறது, எண்கோணக் குழல், 30 அங்குலம், 38-55, சாதாரண விசை. அதற்குக் கீழே இன்னொரு வரி: 1897இல் திரும்பி வந்து பழுது பார்த்து அனுப்பப்பட்டது. என்ன பழுது என்று அந்தப் பேரேட்டில் எழுதவில்லை. இரட்டை விசையைத் தொழிற்சாலையே அப்போது மாட்டியிருக்கலாம். உறுதி என்று எழுத முடியாது, இல்லை என்றும் எழுத முடியாது. என் முதல் கணிப்பைத் திருத்தி, கடிதத்தின் நகலையும் சேர்த்துக் கொடுத்தேன். அந்த வரியைப் படித்ததும் அந்த அம்மா, “தாத்தாவுக்குத் தொண்ணூற்றேழில்தான் கல்யாணம்” என்றார். ராசு, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

நீங்களே வாங்கிக்கொள்ளுங்களேன் என்று கேட்டார். எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விலை சொல்கிறவன் வாங்கக்கூடாது. விற்பது என்றால் ஏலத்துக்குக் கொடுங்கள், 1899க்கு முன் செய்தது என்பதால் இந்த நாட்டு மத்தியச் சட்டம் இதைப் பழம்பொருளாகவே பார்க்கிறது, அதுவே தனி மதிப்பு என்று விளக்கினேன். கடைசியில் விற்கவில்லை. பேரனுக்குக் கொடுத்துவிட்டார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் முதன்முதலாக வாங்கிய லோ வால் நினைவிருக்கிறதா? போட்டோ அனுப்பினேனே, கண்ணாடி மாதிரி மின்னியதே. ஒரு கடைக்காரர் அசல் மெருகு என்று அடித்துச் சொல்லி விற்றார். இரண்டு மாதம் கழித்துத்தான் விவரம் தெரிந்த ஒருவர், எழுத்துகளின் மழுங்கலையும் ஸ்க்ரூ ஓட்டையின் குழிவையும் தொட்டுக் காட்டினார். கொடுத்ததில் பாதிகூட அதற்குப் பெறாது. பணம் போனதுகூட அப்புறம்தான். நூறு வருடம் ஒரு மனிதரின் தோளிலும் குதிரைச் சேணத்திலும் தேய்ந்த தேய்வை யாரோ ஒரு மத்தியானத்தில் அழித்துவிட்டார்களே என்பது இன்னும் ஆறவில்லை. நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் என்ற இங்கத்துத் துப்பாக்கிக்காரர் சங்கம் பழந்துப்பாக்கிகளுக்கு வைத்திருக்கும் தர வரிசையில், பாகங்கள் எல்லாம் அசலாக இருந்தால் பூச்சு முழுக்கப் போயிருந்தாலும் ‘மிக நன்று’ என்ற படி கிடைக்கும். இதை அன்றைக்கே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

உயிரை எடுக்கிற சாமான்மேல் உனக்கு என்னடா பிரியம் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரோலிங் பிளாக் என்ற ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களால்தான் 1870களிலும் 80களின் தொடக்கத்திலும் இந்த நாட்டுச் சமவெளிகளின் காட்டெருமைகளைத் தோலுக்காகச் சுட்டுத் தீர்த்தார்கள். கோடிக்கணக்கில் இருந்த இனம். 1889இல் ஹார்னடே என்ற விலங்கியலாளர் கணக்கெடுத்தபோது மிஞ்சியது ஆயிரத்துச் சொச்சம். ஒரு ஷார்ப்ஸைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது, வரவும் வேண்டும். ஹை வால் சந்தைக்கு வந்தபோது அந்த மந்தைகள் முடிந்துவிட்டன. நான் யாரையும் சுடச் சொல்லவில்லை. சுட்டவர்கள் யார், எதற்கு, எப்படிப்பட்ட கருவியால் என்று அந்த இரும்பிலேயே எழுதியிருக்கிறது. அதை அழியாமல் வைத்திருக்க வேண்டும் என்றுதான் மெனக்கெடுகிறேன்.

இப்போது உன் லேத். பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடாதே. பெட் என்ற அடிப்படுகையின்மேல் கையால் சுரண்டிச் சமமாக்கிய பூப்பூவான அடையாளம், வேலைப்பொருளைப் பிடிக்கும் சக் பக்கத்தில் தேய்ந்தும் எதிர்முனையில் டெயில்ஸ்டாக் பக்கத்தில் புதிதாகவும் இருக்கும், பார். கைச்சக்கரத்தின் பிடி உன் அப்பாவின் உள்ளங்கைக்கு ஏற்ற மாதிரி ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பாலிடெக்னிக் லீவில் அதில் வேலை செய்ய வந்தபோது என் கைக்கு அது ஒத்துவரவே இல்லை. மெஷின் ஆயிலில் நனைத்த துணியால் துடை, போதும். பெயர்த் தகடு, பெட், கைச்சக்கரம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், போட்டோ எடுத்து அனுப்பு. தகட்டின் எண் தெரிந்தால் எந்த வருடம் வார்த்தது என்று நான் தேடிப் பார்க்கிறேன்.

ஜனவரியில் வருகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது. அதுவரைக்கும் ஒரு தார்ப்பாய் போட்டு மூடி வை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
குமரேசன்