மூணே முக்கால் வட்டி

பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

கடிதம் கிடைத்தது. பிசான நெல் பருவத்துக்கு நாற்று பாவியாச்சு என்று எழுதியிருந்தீர், சந்தோஷம். இங்கே வெயில் மட்டும் குறையவில்லை.

உம்ம தம்பி மகன் கிரெடிட் கார்டுக்கு இரண்டு மாசமாகப் பணம் கட்டவில்லை, போலீஸ் வீட்டுக்கு வருமா என்று கேட்டிருந்தீர். வராது வே. கார்டு பாக்கி சிவில் கடன். கட்ட முடியாமல் போனதற்காக யாரையும் பிடித்துப் போக முடியாது. ஃபோனில் 'வாரண்ட்' என்று மிரட்டுகிறவன் வசூல் ஏஜென்ட். காலை 8 மணிக்கு முன்னும் ராத்திரி 7 மணிக்குப் பின்னும் அவன் கூப்பிடக் கூடாது, சொந்தக்காரர்களை இழுத்து மானத்தை வாங்கவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் எண்ணையும் நேரத்தையும் குறித்து வங்கிக்குப் புகார் எழுதட்டும். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம், காசு செலவில்லை.

உம்ம தம்பி மகன் பயப்பட வேண்டியது வட்டிக்கு. பல கார்டுகளில் மாசம் 3.75 சதவீதம். நம்ம ஊர்க் கணக்கில் நூற்றுக்கு மூணே முக்கால் வட்டி. தெருவில் ஒருத்தன் கேட்டால் கந்துவட்டி என்று சண்டைக்குப் போவோம். 30 சதவீதத்துக்கு மேல் வருஷ வட்டி கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஒரு லட்சம் பாக்கி என்றால் மாச வட்டி 3,750. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 675. ஆக 4,425. மினிமம் டியூ, அதாவது மாசம் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை என்று 5,000 கட்டினாலும் அசலில் கழிவது வெறும் 575 ரூபாய். முழுத் தொகையையும் கட்டி முடிக்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் கார்டில் தானாகப் பிடிக்கிற ரீசார்ஜ், சந்தா எல்லாவற்றையும் முதலில் நிறுத்தச் சொல்லும்.

கெடு தேதியிலிருந்து 90 நாள் மினிமம் டியூகூடக் கட்டாவிட்டால் வாராக்கடன். அதற்கு முன்பே சிபில் என்கிற கடன் வரலாற்றுப் பதிவில் தாமதம் ஏறிவிடும். 90 நாளுக்குள் வங்கியிடம் பாக்கியைத் தவணையாக மாற்றக் கேட்டால் வட்டி நன்றாகக் குறைய வாய்ப்பு உண்டு. இப்போது அவனுக்கு இருக்கிற நல்ல வழி அதுதான்.

இன்னொன்று, நம்ம பக்கத்து ஆட்கள் யோசிக்காதது. அதே வங்கியில் அவன் பேரில் நகை அடகு இருக்கிறதா? நகைக்கடனை வட்டியோடு அடைத்த பிறகும், ஒப்பந்தச் சட்டம் 171-ஆம் பிரிவைக் காட்டி, கார்டு பாக்கிக்காக நகையைத் தராமல் வைத்துக்கொள்வது உண்டு. சேமிப்புக் கணக்கில் சம்பளம் விழுந்தால் அதிலிருந்தும் ஈடுகட்டிக்கொள்வார்கள். சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றுவது நல்லது. உம்ம பயிர்க்கடன் நகைக்கு ஒன்றும் ஆகாது. அவன் கடனுக்கு நீர் ஜாமீன் இல்லையே.

'பாதுகாப்புக்கு' என்று ஏஜென்ட் செக் கேட்டால் கொடுக்கவே கூடாது. செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. அது கிரிமினல் வழக்கு. ஜெயில் என்ற பேச்சு நிஜமாவது அங்கேதான்.

மூணு வருஷம் ஒளிந்திருந்தால் கடன் காலாவதி என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதற்குள் வங்கி கோர்ட்டுக்கோ நடுவரிடமோ போய்விடும். இடையில் பாக்கி உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த மூணு வருஷம் புதிதாகத் தொடங்கும். நோட்டீஸை வாங்காமல் விட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அப்புறம் சம்பளத்தில் முதல் ஆயிரமும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் போக மற்றதைப் பிடிக்கலாம்: 30,000 சம்பளக்காரனுக்கு மாசம் 9,666 வரை.

செட்டில்மென்ட், அதாவது குறைந்த தொகைக்குப் பேசி முடிப்பது, கடைசி வழி. பாதித் தொகையில் முடித்தாலும் சிபிலில் 'செட்டில்டு' என்றுதான் நிற்கும். வீட்டுக்கடன் கேட்கும்போது அது இடிக்கும். செய்வதானால் தொகை, தேதி போட்ட வங்கிக் கடிதம் கையில் வந்த பிறகு, கார்டு கணக்கில் மட்டும் கட்டட்டும். ஏஜென்ட்டின் ஜிபேயில் போட்ட பணத்துக்குக் கணக்கு கிடையாது. பாக்கியில்லைச் சான்று வாங்காமல் விடக் கூடாது. லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். ஆனால் அந்த உத்தரவுக்கு அப்பீல் இல்லை, கட்ட முடிகிற தொகைக்கே கையெழுத்துப் போடணும்.

கடைசி மூணு ஸ்டேட்மென்ட், அடகுச் சீட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை அவனை இங்கே அனுப்பும். நோட்டீஸ் ஏதும் வந்திருந்தால் கவரையும் சேர்த்துக் கொண்டுவரட்டும். முத்திரைத் தேதி வேண்டும்.

அன்புடன்,
உம்ம நண்பன்