ஒரு நீலம், ஒரு பழுப்பு

அன்பு மகள் கயலுக்கு,

மாப்பிள்ளைக்கு நியூஜெர்சி மாற்றல் உறுதியாகிவிட்டது என்று நீ சொன்னதும் எனக்கு முதலில், இதய வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க நீ போடும் வார்ஃபரின் மாத்திரை டப்பாதான் ஞாபகம் வந்தது. லீட்ஸில் "ஒரு நீலம், ஒரு பழுப்பு" என்றே சொல்லிப் பழகிவிட்டாய். இங்கிலாந்தில் நீல வார்ஃபரின் 3 மில்லிகிராம், பழுப்பு 1. ஆக 4. அமெரிக்காவில் நீலம் 4 மில்லிகிராம். பார்வைக்குப் பழுப்பு மாதிரியே இருக்கும் வெளிர்நிற மாத்திரை அங்கே 3. பழைய பழக்கத்தில் ஒரு நீலமும் ஒரு பழுப்பும் விழுங்கினால் 7 உள்ளே போகும். இளஞ்சிவப்பு இன்னும் மோசம்: இங்கிலாந்தில் 5 மில்லிகிராம், அமெரிக்காவில் 1. அதனால் நிறத்தை இன்றோடு விடு. யார் கேட்டாலும் "தினம் 4, வாரம் 28 மில்லிகிராம்" என்று சொல்.

வாரக் கணக்கு ஏன் என்றால், அளவை மாற்றுகிறவர்கள் அதை வைத்துத்தான் மாற்றுவார்கள். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் கொஞ்சம் இறங்கினால் 28-ஐ 30 ஆக்குவார்கள்: இரண்டு நாள் 5, மற்ற நாள் 4. ஒரே மூச்சில் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ சொன்னால், காரணம் கேள். கேட்பதில் தப்பில்லை.

இன்று போட்ட மாத்திரை நாளைக் காலை ரத்தத்தில் தெரியாது. இந்த மருந்து ரத்தத்தில் நேராக வேலை செய்வதில்லை; ஊரில் சொல்வதுபோல் நீர்க்க வைப்பதும் இல்லை. கல்லீரலில் வைட்டமின் கே மறுபடி மறுபடி புதுப்பிக்கப்பட்டு உறைபொருள்களைச் செய்ய உதவுகிறது. அந்தப் புதுப்பித்தலை வார்ஃபரின் தடுக்கிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே ரத்தத்தில் ஓடுகிற உறைபொருள்கள் தானாகத் தீர வேண்டும். அவற்றில் ஏழாம் காரணி என்பது ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரண்டாம் காரணி பாதியாக இரண்டரை, மூன்று நாள் பிடிக்கும். அதனால்தான் மருந்து தொடங்கும்போது ஐஎன்ஆர் சீக்கிரம் ஏறியும், நிஜமான பாதுகாப்பு வந்து சேரக் குறைந்தது ஐந்து நாளாகிறது. அதுவரை, உடனே வேலை செய்யும் ஹெபாரின் ஊசியும் கூடவே போடுகிறார்கள்.

புது டாக்டரிடம் முதல் நாளே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கால் ரத்தக்குழாயில் உறைவு வந்தவர்களுக்கும், இதயத்துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கும் ஐஎன்ஆர் 2-இலிருந்து 3 வரை போதும். வார்ஃபரின் என்றதும் பலர் கை தானாக அந்த எண்ணைத்தான் எழுதும். உனக்கு இருப்பது இதயத்தின் இடப்பக்கத்து மைட்ரல் இடத்தில் உலோக வால்வு. உன் இலக்கு 2.5 முதல் 3.5. உன் 2.2-ஐப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவிட்டால் வால்வில் உறைவு உட்காரும். ஐஎன்ஆரும் அளவும் குறித்து வரும் மஞ்சள் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள். விமானம் ஏறும் முன்பே அங்கே முதல் பரிசோதனைக்கு நாள் வாங்கிவிடு. மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.

வைட்டமின் கே இருக்கிறதென்று கீரையை நிறுத்தச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதே. முருங்கைக் கீரையோ பசலையோ, வாரத்துக்கு வாரம் அளவு மாறக் கூடாது என்பதுதான் விஷயம். மாதம் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு ஒரு வாரம் தினமும் கூட்டும் பொரியலுமாகச் சாப்பிட்டால் ஐஎன்ஆர் விழும். வயிற்றுப்போக்கில் நாலு நாள் கஞ்சி மட்டும் குடித்தால் ஏறும். சமையலில் போடும் மஞ்சள், பூண்டு, இஞ்சி எதுவும் செய்யாது. அவற்றையே காப்ஸ்யூலாக்கி அமெரிக்கக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தப் பக்கம் போகாதே.

கீரையைவிட அதிகம் கெடுப்பது ஆன்டிபயாட்டிக். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல் இரண்டும் ஐஎன்ஆரை வேகமாக ஏற்றும். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளுகோனசோலும் அப்படியே. வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற மைகோனசோல் ஜெல் கூட ஏற்றும்; தடவுவதுதானே என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின் இதற்கு நேர்மாறு, இறக்கிவிடும். புது மாத்திரை எது தொடங்கினாலும், நிறுத்தினாலும், மூன்றிலிருந்து ஐந்து நாளில் ஒரு பரிசோதனை. வலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். பாராசிட்டமால் போடலாம், தினம் 2 கிராமுக்கு மேல் பல நாள் போனால் அதுவும் ஏற்றும்.

ஒரு வேளை மறந்தால், அன்றைக்கு நள்ளிரவுக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள். தாண்டிவிட்டால் விட்டுவிட்டு நோட்டில் குறித்து வை. மறுநாள் இரட்டிப்பாகப் போடாதே. தலையில் அடி பட்டால் வலியே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. மலம் தார்போல் கறுத்தாலும், திடீரென்று வாய் குழறினாலும் அப்படியே. பல் பிடுங்குவதற்காக மருந்தை நிறுத்த யாராவது சொன்னால், இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே. ஐஎன்ஆர் 4-க்குக் கீழ் இருந்தால் பெரும்பாலும் நிறுத்தாமலே பிடுங்கிவிடலாம்.

அங்கே டிவியில் மருந்து விளம்பரம் ஓயாமல் ஓடும். ரத்தப் பரிசோதனையே வேண்டாத புது மருந்துகளைப் பார்த்து உனக்கு ஆசை வரும். அவற்றில் ஒன்றான டாபிகட்ரானை உலோக வால்வுக்காரர்களிடம் சோதித்தார்கள். முடிவு 2013-இல் வந்தது. பக்கவாதம் வார்ஃபரின் பக்கம் ஒருவருக்கும் இல்லை, டாபிகட்ரான் பக்கம் 5 சதவீதம், ரத்தக்கசிவும் அதிகம். பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இன்னொரு புது மருந்தான அபிக்ஸபானை, அயோர்ட்டிக் என்னும் வேறு இடத்தில் வைக்கும் ஒரு வகை வால்வில் முயன்றதும் 2022-இல் நின்றது. உனக்கு இந்தப் பழைய மருந்துதான். நீ போகிற நாட்டில்தான் அது பிறந்தது. கெட்டுப்போன இனிப்புக் குளோவர் என்ற தீவனச்செடியின் வைக்கோல் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் ஆய்வுக்கூடத்தில் அதன் காரணத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதையொட்டிச் செய்ததுதான் வார்ஃபரின்; முதலில் எலி மருந்து. 1954-இல் மனிதருக்கு அனுமதி.

குழந்தை பற்றி யோசிப்பதானால், நாள் தள்ளிப்போன பிறகல்ல, அதற்கு முன்பே டாக்டரிடம் உட்கார்ந்து பேசு. ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை வார்ஃபரின் கருவின் மூக்கையும் எலும்பையும் பாதிக்கக்கூடும். ஹெபாரின் ஊசி நஞ்சுக்கொடியைத் தாண்டாது, குழந்தைக்கு நல்லது; ஆனால் உன் வால்வில் உறைவு வரும் ஆபத்து அதில் கூடுதல். தினம் 5 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ போடுகிறவர்களுக்குக் கருவின் ஆபத்து குறைவு என்பதால், உன் 4 அந்தப் பேச்சில் முக்கியமான எண். பால் கொடுக்கும் காலத்தில் வார்ஃபரின் போடலாம்.

அன்புடன்,
அம்மா

பி.கு: டிசம்பரில் இங்கே வரும்போது போதுமான மாத்திரை கொண்டு வா. நம் ஊரில் வால்வுக்காரர்கள் பலர் போடுவது அசெனோகுமரால். அதுவும் இதே குடும்பம்தான், ஆனால் பாதி அளவே போதும், உடம்பை விட்டும் சீக்கிரம் போய்விடும். "அதே வேலைதானே" என்று கடைக்காரர் எடுத்து நீட்டினால் வாங்காதே.